உங்கள் சிக்னலை வரைவது யார்? தச்சநல்லூர் மொட்டை மாடியில் தொடங்கிய ஒரு தேடல்!

எங்கள் அம்மாவைப் போனில் பிடிக்க வேண்டுமென்றால் மாலை 5 மணிக்கு மேல்தான் கூப்பிட வேண்டும். அப்போதுதான் காய்ந்த துணிகளை எடுக்க மொட்டை மாடிக்குப் போவார். மற்ற நேரத்தில் கூப்பிட்டால் பாதி வார்த்தை வரும், மீதி வராது. "ஏட்டி, இரு... மாடிக்கு வந்துட்டேன்... இப்பச் சொல்லு" என்பதுதான் கடந்த சில மாதங்களாக எங்கள் வீட்டின் 'ஹலோ'.

இத்தனைக்கும் எங்கள் வீடு ஏதோ மலை உச்சியில் இல்லை. திருநெல்வேலி மாநகராட்சியின் 4 மண்டலங்களில் ஒன்றான தச்சநல்லூரில் இருக்கிறது. ஜங்ஷனிலிருந்து மதுரை ரோட்டில் வந்தால் கொஞ்ச நேரம்தான். தெருமுனையில் நின்றால் டவரின் சிவப்பு விளக்கே தெரியும். போன வருடம் வரை அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டே அக்காவிடம் அரை மணி நேரம் பேசியவர் அம்மா. பிறகு என்ன ஆனது?

198-க்கு அழைத்துப் புகார் கொடுத்தேன். 'உங்கள் பகுதியில் நெட்வொர்க் மேம்பாட்டுப் பணி நடைபெறுகிறது' என்று குறுஞ்செய்தி வந்தது. அடுத்த நாளே 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று இன்னொன்று. எது தீர்ந்தது என்று எனக்கும் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை.

பதில் கிடைத்தது பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது. எங்கள் தெரு வழியாக ஒரு கார் ஆமை வேகத்தில் போனது. கூரையில் சின்னதாக ஒரு ஜி.பி.எஸ். ஆன்டெனா, உள்ளே முன்சீட்டில் நாலைந்து போன்கள், எல்லாவற்றிலிருந்தும் ஒயர் போய்ச் சேரும் ஒரு லேப்டாப். லேப்டாப்புக்குப் பின்னால் இருந்தவர் பக்கத்துத் தெரு அண்ணன்! ஈ.சி.இ. படித்தவர். ஊரில் எல்லோரும் அவரை 'டவர் அண்ணன்' என்பார்கள். அவர் வாழ்நாளில் டவரில் ஏறியதே இல்லை என்பது வேறு விஷயம்.

"அண்ணே, நீங்க எங்க கம்பெனியா?" என்று சிம் நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். சிரித்துக்கொண்டே கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் காட்டினார். அதில் இருந்த பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அவருடைய நிறுவனத்துக்கு இந்த வேலையைக் கொடுத்தது ஒரு கருவித் தயாரிப்பு நிறுவனம். அதற்கு வேலையைக் கொடுத்ததுதான் நாம் மாதாமாதம் ரீசார்ஜ் செய்யும் நிறுவனம். அதாவது, நம் போனில் எத்தனை கோடு தெரிய வேண்டும் என்று கணக்குப் போடுபவருக்கும் நம்மிடம் காசு வாங்குபவருக்கும் நடுவில் இரண்டு கம்பெனிகள் இருக்கின்றன!

டிகிரி கணக்கு

அந்தக் கார் செய்த வேலைக்கு 'டிரைவ் டெஸ்ட்' என்று பெயர். போன்கள் தாமாகவே அழைப்புகளைப் போட்டு, வைத்து, டேட்டாவை இறக்கிப் பார்க்கும். போகிற வழியெல்லாம் சிக்னல் அளவு வரைபடத்தில் புள்ளிகளாக விழும். நன்றாக இருந்தால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. மதுரை ரோடு முழுக்கப் பச்சை. எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் மஞ்சள், பிறகு சிவப்பு.

டிரைவ் டெஸ்ட் என்பது கடைசிக் கட்டம்தான். அதற்கு மாதக்கணக்கில் முன்பே, எங்கோ ஒரு அலுவலகத்தில் 'ரேடியோ பிளானிங்' நடந்திருக்கும். எந்த இடத்தில் டவர் வேண்டும், ஆன்டெனா எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், எந்தத் திசையைப் பார்க்க வேண்டும், எத்தனை டிகிரி கீழே குனிந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். பொதுவாக ஒரு டவரில் 3 பக்கமும் ஆன்டெனாக்கள் இருக்கும், ஒவ்வொன்றும் 120 டிகிரியைப் பார்த்துக்கொள்ளும்.

அந்தக் குனிவு இருக்கிறதே, அதுதான் விவகாரமே. 30 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆன்டெனாவை 2 டிகிரி சாய்த்தால் அதன் மையக் கற்றை சுமார் 860 மீட்டர் தள்ளித் தரையைத் தொடும். 4 டிகிரி சாய்த்தால் சுமார் 430 மீட்டர். 6 டிகிரி என்றால் 285 மீட்டர்தான். பள்ளிக்கூட வடிவியல்தான் இது, நீங்களே போட்டுப் பார்க்கலாம். சாய்க்காமலே விட்டால் பக்கத்து டவரின் எல்லைக்குள் போய் இரண்டும் மோதிக்கொள்ளும். அதனால் புதிய டவர் ஒன்று வரும்போதெல்லாம் பழைய டவர்களைக் கொஞ்சம் குனியச் சொல்வார்கள். இப்போதெல்லாம் இதற்கு ஆள் ஏறவேண்டியதில்லை. பல ஆன்டெனாக்களை எங்கிருந்தோ கணினியிலிருந்தே சாய்க்கலாம்.

எங்கள் வீட்டுக்கு நடந்தது அதுதான் என்றார் அண்ணன். பைபாஸ் பக்கம் புதிய டவர் ஒன்று வந்திருக்கிறது. அது எங்கள் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் பழைய டவரைக் குனியவைத்துவிட்டார்கள். புதியதும் எங்களைச் சரியாகப் பார்க்கவில்லை.

ஏன்? லேப்டாப்பில் இன்னொரு வரைபடத்தைத் திறந்து காட்டினார். பிளானிங் செய்பவர்களின் வரைபடம் நாம் பார்க்கும் கூகுள் மேப் மாதிரி இருக்காது. நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, 'இது தண்ணீர், இது மரம், இது திறந்தவெளி, இது நெருக்கமான கட்டடம்' என்று வண்ணம் பூசியிருப்பார்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் சிக்னல் எவ்வளவு குறையும் என்று ஒரு கணக்கு உண்டு. அங்கே எத்தனை பேர் பேசுவார்கள் என்ற ஊகமும் அதை ஒட்டியே வரும்.

"இங்க பாரும்மா, உங்க வீடு வயல்ல இருக்கு" என்றார்.

உண்மைதான். எங்கள் தெரு இருக்கும் இடமே பச்சை நிறத்தில் 'விவசாய நிலம்' என்று கிடந்தது. ஆச்சியிடம் சொன்னதும் அவர் கொஞ்சமும் ஆச்சர்யப்படவில்லை. "வயலாத்தான கெடந்துச்சு, தாத்தா வாங்கும்போது?" என்றார். அந்த வரைபடத்தைத் தயாரித்தவருக்கும் எங்கள் ஆச்சிக்கும் மட்டும்தான் அந்த வயல் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது!

இன்னொரு சங்கடமும் உண்டு. டிரைவ் டெஸ்ட் கார் ரோட்டில்தானே போகும்? அம்மாவின் அடுக்களைக்குள் வராதே. வீட்டுக்குள் எவ்வளவு சிக்னல் வரும் என்பதை, வெளியே கிடைப்பதில் ஒரு தொகையைக் கழித்து ஊகிப்பார்கள். நகைக்கடையில் 'சேதாரம்' போடுவது மாதிரிதான். சுவருக்கு 15 முதல் 20 டெசிபல் என்று கழிப்பது வழக்கம். கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால், 10 டெசிபல் குறைந்தால் சிக்னல் பத்தில் ஒரு பங்கு. 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு!

இலைக்கணக்கு

சரி, இந்த வேலையை சிம் நிறுவனமே ஏன் செய்வதில்லை?

ஆரம்பத்தில் செய்துகொண்டுதான் இருந்தார்கள். இந்தியாவில் முதல் மொபைல் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து போனது. மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமை அழைத்தார். அப்போது பேசினாலும் காசு, வந்த அழைப்பை எடுத்தாலும் காசு. டவர் வாங்குவது, வரைபடம் போடுவது, பழுது பார்ப்பது எல்லாம் அந்தந்த நிறுவனத்தின் பொறுப்பு.

2004-ல்தான் கதை மாறியது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் சுனில் மிட்டலின் பார்தி நிறுவனம், ஏர்டெல் நெட்வொர்க்கைத் திட்டமிடுவது, அமைப்பது, பராமரிப்பது என்று பெரும்பகுதி வேலையை ஸ்வீடனின் எரிக்ஸனிடம் கொடுத்தது. சுமார் 40 கோடி டாலர் ஒப்பந்தம் அது. அடுத்ததாகக் கணினிப் பணிகள் மொத்தத்தையும் 10 வருடத்துக்கு ஐ.பி.எம்.மிடம் கொடுத்தது. அது சுமார் 75 கோடி டாலர். நெட்வொர்க் வேலையில் நோக்கியாவுக்கும் பங்கு இருந்தது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் தங்கள் வேலைகளை நம் ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. நம் கம்பெனி ஒன்று தன் வேலையை அவர்களிடம் கொடுத்ததைப் பலரும் விநோதமாகத்தான் பார்த்தார்கள். 'நெட்வொர்க்கே இல்லாத டெலிபோன் கம்பெனியா?' என்ற சிரிப்பு. பின்னாளில் ஹார்வர்டில் அது பாடமே ஆகிவிட்டது.

ஒப்பந்தத்தின் சூட்சுமம் பணம் கொடுக்கும் முறையில் இருந்தது. இத்தனை பெட்டிகள் வாங்கினோம், அதற்கு இவ்வளவு என்று கொடுப்பதுதான் அதுவரை வழக்கம். பார்தி அதை மாற்றி, எவ்வளவு பேச்சைத் தாங்கும் நெட்வொர்க்கைக் கொடுக்கிறாயோ அதற்குத்தான் காசு என்றது. அந்தப் பேச்சை அளக்கும் அலகுக்கு 'எர்லாங்' என்று பெயர். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த டென்மார்க் கணிதவியலாளர் ஒருவரின் பெயர் அது. ஒரு லைன் ஒரு மணி நேரம் முழுக்கப் பேச்சில் இருந்தால் ஒரு எர்லாங்.

நம் ஊர்க் கல்யாணத்தில் சமையல் கான்ட்ராக்ட் விடுகிறோமே, அதுதான். அண்டா, கரண்டி, மாஸ்டர் சம்பளம் எதுவும் நம் கவலை இல்லை. இலைக்கு இவ்வளவு என்று பேசிவிடுகிறோம்.

இது நமக்கு லாபமாகவும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. நிறுவனங்களின் செலவு குறைந்தது, போட்டி கூடியது, நிமிடத்துக்கு ரூபாயில் இருந்த கட்டணம் பைசாவுக்கு வந்தது. 2007-ல் பார்தி, வோடஃபோன், ஐடியா மூன்றும் சேர்ந்து இண்டஸ் டவர்ஸ் என்று தனி டவர் நிறுவனமே தொடங்கின. ஒரே டவரை மூன்று போட்டியாளர்களும் வாடகைக்குப் பகிர்ந்துகொண்டார்கள். அரசு நிறுவனமும் விதிவிலக்கு இல்லை. 2025 செப்டம்பர் 27 அன்று பிரதமர் தொடங்கிவைத்த பி.எஸ்.என்.எல். 4ஜி நெட்வொர்க்கை ஒருங்கிணைத்துக் கொடுத்தது டி.சி.எஸ்., ரேடியோ கருவிகள் தேஜஸ் நிறுவனத்துடையவை, மையத் தொழில்நுட்பம் சி-டாட் உடையது.

இன்று நொய்டா, குருகிராம் போன்ற இடங்களில் உள்ள எரிக்ஸன், நோக்கியா சேவை மையங்களிலிருந்து வெளிநாட்டு நெட்வொர்க்குகளையும் நம் பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள். தச்சநல்லூரை வரைந்தவரும் எங்கோ ஒரு ஏ.சி. அறையில்தான் இருந்திருப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் கொடுத்த வரைபடத்தில் வயல் இருந்தது, அவர் வயலை நம்பினார்.

பந்தி நின்றால்?

கான்ட்ராக்ட் சமையலில் ஒரு சிக்கல் உண்டு. சமையல்காரருக்கும் பாத்திரக்காரருக்கும் தகராறு வந்தால், பந்தியில் உட்கார்ந்தவர்தான் பசியோடு எழ வேண்டும்.

தமிழ்நாடு அதை 2018 பிப்ரவரியில் பார்த்தது. சி.சிவசங்கரன் 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல், ஒருகாலத்தில் நம் மாநிலத்தின் செல்லப்பிள்ளை. கடன் நெருக்கடியில் இருந்த அந்த நிறுவனத்தின் சேவை அந்த மாதம் பல மாவட்டங்களில் திடீரென முடங்கியது. டவர் நிறுவனத்துடன் ஏற்பட்ட பணப் பிரச்னையில் டவர்கள் நிறுத்தப்பட்டதாக ஏர்செல் தரப்பு சொன்னது. டவர் அதே இடத்தில்தான் நின்றது, ஆன்டெனாவும் அதன்மேல்தான் இருந்தது, சிக்னல் மட்டும் இல்லை. வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்றால் அதற்கான எண் கேட்டு 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பவே சிக்னல் வேண்டுமே! கடைகள் முன்னால் மக்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். அதே மாதக் கடைசியில் ஏர்செல் திவால் மனு கொடுத்தது.

எங்கள் வீட்டில் மறக்க முடியாதது 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய நாள்கள். தாமிரபரணி இரு கரையையும் தாண்டியது. ஜங்ஷன், மீனாட்சிபுரம், கைலாசபுரம், சி.என்.கிராமம் எல்லாம் தண்ணீர். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு சிக்கி நின்றது. நான் சென்னையில், டெஸ்க்கில் வெள்ளச் செய்திகளை அப்டேட் செய்துகொண்டே வீட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தேன். அம்மா, அப்பா, சித்தப்பா என்று வரிசையாக எல்லா எண்ணுக்கும் அடித்தேன். 'நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்.' மூன்றாம் நாள்தான் அம்மாவின் குரல் கேட்டது. "நாங்க நல்லாத்தான் இருக்கோம், நீ சாப்பிட்டியா?" என்றார்.

டவர் விழுந்ததால் அப்படி ஆகவில்லை. கரன்ட் போனால் டவருக்குக் கீழே இருக்கும் பேட்டரி சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். பிறகு ஜெனரேட்டர். டீசல் தீர்ந்தால் யாராவது கொண்டுவந்து ஊற்ற வேண்டும், ரோடே ஆறாக ஓடும்போது எப்படி வருவது? கருவிப் பெட்டி வைக்கும் மேடை எத்தனை அடி உயரம், பேட்டரி எத்தனை மணி நேரத்துக்கு என்பதெல்லாம் திட்டத்தாளில் ஒரு வரி. அந்த வரியை எழுதுபவருக்கு, 1992 வெள்ளத்தில் எந்தத் தெருவரை தண்ணீர் வந்தது என்பது தெரிய வேண்டும். அது எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்களிடம் கேட்க வேண்டும் என்று எந்தக் கான்ட்ராக்ட்டிலும் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

நீங்கள் என்ன செய்யலாம்?

கோடுகளை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அபௌட் ஃபோன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் அளவு 'டி.பி.எம்.' என்று மைனஸில் இருக்கும் (சில மாடல்களில் கொஞ்சம் தேட வேண்டும்). மைனஸ் 80, 90 என்றால் நல்லது. மைனஸ் 110-ஐத் தாண்டினால் திண்டாட்டம். அம்மாவின் போனில் மொட்டை மாடியில் மைனஸ் 88, அடுக்களையில் மைனஸ் 116. வித்தியாசம் 28 டெசிபல், அதாவது 600 மடங்குக்கும் மேல்!

இந்த எண்ணோடு 198-ல் புகார் செய்யுங்கள், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் கிடையாது. இன்னொன்று, டிராய் 2024-ல் கொண்டுவந்த சேவைத்தர விதிகளின்படி, எங்கெங்கே என்ன சேவை கிடைக்கும் என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் வலைதளத்தில் போட வேண்டும். உங்கள் தெரு அதில் பச்சையாக இருந்து, வீட்டில் மைனஸ் 116 வந்தால், அந்தப் படத்தையும் புகாரில் சேருங்கள். 'நெட்வொர்க் சரியில்லை' என்பதைவிட இதற்குத்தான் மரியாதை.

சிம் ஒருவர், டவர் ஒருவர், திட்டம் ஒருவர் என்று இருப்பதில் மோசடிக்காரர்களுக்கும் ஒரு வசதி கிடைத்திருக்கிறது. 'உங்கள் இடத்தில் டவர் வைக்கிறோம். லட்சக்கணக்கில் முன்பணம், மாதா மாதம் வாடகை, டிராய் அனுமதி வந்துவிட்டது, பதிவுக்கட்டணம் மட்டும் கட்டுங்கள்' என்று அழைப்பு வரும். எந்தக் கம்பெனி பெயரைச் சொன்னாலும் நமக்குத் தெரியாது என்பதால் நம்பிவிடுகிறோம். டவர் வைப்பதற்கு டிராய் எந்தத் தடையில்லாச் சான்றும் கொடுப்பதில்லை. இடம் கொடுப்பவருக்குத்தான் அவர்கள் பணம் தர வேண்டும், அவரிடம் வாங்க மாட்டார்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். அண்ணன் தன் அறிக்கையில் எங்கள் தெருவின் போட்டோக்களை அட்சரேகை, தீர்க்கரேகையோடு சேர்த்து, 'இது வயல் அல்ல, குடியிருப்பு' என்று எழுதி அனுப்பினார். அது அவருக்குச் சொல்லப்பட்ட வேலையில் இல்லை. அவருடைய கணக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் ஓட்ட வேண்டும் என்பதுதான். சம்பளத்தைக் கேட்டேன், "அதெல்லாம் எழுதாதம்மா, பொண்ணு பாத்துக்கிட்டிருக்காங்க" என்று விட்டார்.

மூன்று வாரம் கழித்து அடுக்களையில் மைனஸ் 104 காட்டியது. யாரோ எங்கிருந்தோ ஆன்டெனாவை ஒன்றிரண்டு டிகிரி நிமிர்த்தியிருக்க வேண்டும். அண்ணனுக்கு நன்றி சொல்லக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மாதக் கடைசியோடு திருநெல்வேலி புராஜெக்ட் முடிந்து, அவரை சத்தீஸ்கருக்கு அனுப்பிவிட்டார்களாம். அங்கே அவர் தங்கியிருக்கும் ஊரில் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை என்று அவர் அம்மா சொன்னார்.

எங்கள் அம்மா இப்போதும் 5 மணிக்கு மாடியிலிருந்துதான் பேசுகிறார். "அடுக்களையிலயே நல்லா கேக்குதேம்மா?" என்றேன்.

"துணி எடுக்கணும்லா" என்றார்.